மலைச்சரிவில் ஒரு குடும்ப வீடு

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. முதல் வளைவில் வியர்வையைத் துடைத்துக்கொள்ளும் பயணி, எழுபதாவது வளைவைத் தாண்டும்போது பேருந்தின் சன்னலை மூடிவிடுகிறார். மரங்களின் நிழல்தான் இதற்குக் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நிழலின் பங்கு சிறிதே. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி செண்டிகிரேடு வெப்பநிலை குறையும். கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்தது. அடிவாரமோ ஏறத்தாழ 200 மீட்டர். ஆகவே செம்மேட்டில் நிற்பவருக்கு நாமக்கல்லில் இருப்பவரைவிட 6 அல்லது 7 டிகிரி குளிர்ச்சி கிடைக்கிறது. (தண்ணீரும் அங்கே 96 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மலையில் பருப்பு வேகத் தாமதமாவது சமைப்பவர் குற்றமன்று.)

வெப்பநிலை வேறு, ஈரம் வேறு, நிலத்தின் சாய்வு வேறு. ஆனால் இப்போது மலைமேல் எழும் புதிய வீடுகளில் பல, சமவெளியில் கட்டும் வீட்டின் நேர் நகல்களாகவே இருக்கின்றன. பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டு சரிவை வெட்டிச் சமதளமாக்குகிறார்கள். அதன்மேல் தட்டையான கான்கிரீட் தளம் போட்டு வீட்டைக் கட்டிவிடுகிறார்கள். வீடு என்னவோ பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு மழைக்காலத்தில் தெரிகிறது. கோளாறு சில வேளை சுவரில் பூக்கும் பூஞ்சையோடு நின்றுவிடும். சில வேளை உயிரையே கேட்கும்.

2024 டிசம்பர் முதல் தேதியன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலையின் சரிவு இடிந்து அடிவாரத்து வீடு ஒன்றின்மேல் விழுந்தது. உள்ளே இருந்த 7 பேரும் மாண்டனர். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அதே ஆண்டு ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் நிகழ்ந்த நிலச்சரிவு 200க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. நீலகிரியில் 1978இலும் 1993இலும் 2009இலும் பெரிய சரிவுகள் ஏற்பட்டன. இலங்கையின் மலையகத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில், 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளே மண்ணுள் புதைந்தன. எனவே மலைச்சரிவில் வீடு கட்ட விரும்புவோர் அறை எத்தனை, வாசல் எத்திசை என்று கேட்பதற்கு முன்பு, மண் ஏன் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

மண் ஏன் நிற்கிறது?

பள்ளிப் பாடத்தில் சாய்தளத்தின்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள். கட்டையின் எடையில் ஒரு பகுதி சரிவின் வழியே கீழே இழுக்கிறது. மற்றொரு பகுதி தளத்தின்மேல் செங்குத்தாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தினால்தான் உராய்வு பிறக்கிறது. சாய்வைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கட்டை நழுவத் தொடங்கும். உலர்ந்த மணலைக் குவித்தாலும் இதே கதைதான். குவியலின் பக்கம் ஏறக்குறைய 32 டிகிரிக்கு மேல் சாயாது; அதற்குமேல் கொட்டும் மணல் வழிந்துவிடும்.

இனி மண் நனைகிறது என்று கொள்வோம். மண் துகள்களின் இடைவெளிகளில் தண்ணீர் நிரம்புகிறது. நீரில் மூழ்கிய பொருள் எடை இழப்பதுபோல் துகள்களும் எடை இழக்கின்றன. ஒன்றையொன்று அழுத்தும் விசை ஏறத்தாழப் பாதியாகிறது. அழுத்தம் பாதியானால் உராய்வும் பாதி. ஆனால் சரிவின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் விசை குறைவதில்லை. தண்ணீரின் எடையும் சேர்வதால் அது கூடத்தான் செய்கிறது. இதன் விளைவைப் பாருங்கள். உலர்ந்த நிலையில் 32 டிகிரி வரை நிற்கும் மண், முழுவதும் நனைந்து நீர் சரிவின் வழியே ஊறி ஓடும்போது 17 டிகிரியிலேயே நழுவக்கூடும்!

அப்படியானால் கொல்லிமலையே கரைந்து போயிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். களித்துகள்களின் ஒட்டும் தன்மையும், மரவேர்களின் பின்னலும் கூடுதல் பலம் தருவதால்தான் சரிவுகள் நிற்கின்றன. மரத்தை வெட்டினால் வேர் உடனே மடிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து அது மக்கும்போதுதான் பிடிப்பு போகிறது. வெட்டியவருக்கு ஒன்றும் நேராமல், பின்னால் வந்தவர் துன்பப்படுவது இதனால்தான்.

கொல்லிமலையின் உடல் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கடினமான பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருந்த கல் இவ்வகையைச் சேர்ந்தது என்பதால் இப்பெயர் வந்தது. பாறைக்கு ஒரு கல்லறை பெயர் சூட்டியது விந்தைதான்! இப்பாறை பல லட்சம் ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் சிதைந்து, மேலே தளர்ந்த செம்மண்ணாகவும் சில முகடுகளில் பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக வெட்டி எடுத்தது இந்தப் பாக்சைட்டைத்தான். வீடு கட்டுபவர் கவனிக்க வேண்டியது இது: தளர்ந்த மண் தண்ணீரை உறிஞ்சுகிறது, கீழே உள்ள பாறை உறிஞ்சுவதில்லை. தண்ணீர் இரண்டுக்கும் இடையே தேங்கி ஓடுகிறது. சரியும் மண் பெரும்பாலும் அந்த இடைப்பரப்பின்மேல்தான் வழுக்குகிறது.

மனை வாங்குமுன் இதைக் கண்ணாலேயே ஓரளவு சோதித்துக்கொள்ளலாம். அடிமரம் வளைந்து பின் நேராக எழுந்த மரங்கள், ஒரே பக்கமாகச் சாய்ந்த வேலிக்கற்கள், அரைவட்டமாகத் தரையில் ஓடும் வெடிப்புகள், மழை நின்ற பிறகும் நடுச்சரிவில் கசியும் ஊற்று ஆகியவை இருந்தால் அந்த மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கக்கூடும். இரண்டு சரிவுகள் கூடும் ஓடைத்தடம் கோடையில் காய்ந்து, வீட்டுக்கென்றே அமைந்த இடம்போலத் தோன்றும். அங்கே கட்டவே கூடாது. மனையைப் பார்க்கச் சரியான மாதம் ஏப்ரல் அன்று, நவம்பர்.

சாய்வை அளக்கக் கொத்தனாரின் மட்டக்குழாய் போதும். தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு முனையை மேலேயும் மற்றொன்றைக் கிடைமட்டத்தில் 10 மீட்டர் தள்ளிக் கீழேயும் பிடித்தால், நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றாக நிற்கும். தரையிலிருந்து நீர்மட்டம் வரை இரு முனைகளிலும் அளந்து கழித்தால் இறக்கம் தெரிந்துவிடும். 10 மீட்டருக்கு 3.6 மீட்டர் இறக்கம் என்றால் சாய்வு 20 டிகிரி.

எவ்வளவு வெட்டுவது?

இந்த 20 டிகிரிச் சரிவில் 8 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள வீடு கட்டுவதாகக் கொள்வோம். முழு அகலத்தையும் வெட்டியே சமமாக்கினால், பின்புறம் 2.9 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான மண்சுவர் நிற்கும். வெளியேறும் மண் 116 கன மீட்டர். எடை ஏறக்குறைய 210 டன். இதையே 4 மீட்டர் அகலமுள்ள இரண்டு படிகளாக வெட்டி, முன்னறைகள் கீழ்ப்படியிலும் படுக்கை அறைகள் மேற்படியிலுமாக அமைத்தால், ஒவ்வொரு வெட்டும் 1.46 மீட்டர்தான். மொத்த மண் 58 கன மீட்டர், சரிபாதி! வீட்டுக்குள் எட்டு ஒன்பது படிகள் ஏற வேண்டியிருக்கும், அவ்வளவே. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்கள் அறையையும் கழிப்பறையையும் அடுக்களையையும் ஒரே படியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டி, அதன்மேல் பாதி வீட்டைக் கட்டுவதும் உண்டு. சிக்கனமாகத் தோன்றும் இம்முறை ஆபத்தானது. வெட்டிய பகுதி இறுகிய பழைய மண்; கொட்டிய பகுதி தளர்ந்த புது மண். புது மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கும். வீட்டின் பாதி இறங்கும், பாதி இறங்காது. மலைவீடுகள் பலவற்றில் நடுச்சுவரில் சாய்வாகக் காணும் வெடிப்புக்கு இதுவே காரணம். கொட்டிய மண்ணில் தோட்டம் போடலாம், திண்ணை போடலாம், அஸ்திவாரம் போடலாகாது. முன்பகுதியைத் தூண்கள்மேல் நிறுத்தி, தூண்களை இறுகிய மண் வரை இறக்குவது சிறந்த வழி.

வெட்டிய இடத்தில் தாங்குசுவர் வேண்டும். இங்கேயும் ஒரு கணக்கு. மண் சுவரைத் தள்ளும் விசை உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. ஒன்றரை மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் உலர்ந்த மண் ஏறத்தாழ 0.7 டன் விசையோடு தள்ளுகிறது. உயரம் 3 மீட்டரானால் அது 2.7 டன். சுவரைக் குப்புறத் தள்ளும் திருப்புத்திறனோ உயரத்தின் மும்மடியாக, அதாவது எட்டு மடங்காக, உயர்கிறது. ஒரு பெரிய சுவரைவிட இரண்டு சிறிய சுவர்கள் ஏன் மலிவு என்பது இதிலிருந்து விளங்கும்.

சுவரின் பின்னே தண்ணீர் தேங்கினால் அந்த 2.7 டன் சுமார் 6 டன்னாகிவிடும். சுவரில் வரிசையாக விட வேண்டிய துளைகளைக் கொத்தனார்கள் ‘வீப் ஹோல்’ என்பார்கள். அவற்றின் பின்னால் சல்லிக்கல் நிரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும், மண் வராது. சுவர் அசிங்கமாகத் தெரிகிறது என்று இத்துளைகளைச் சிமெண்டால் பூசி மூடிய வீட்டை நானே பார்த்திருக்கிறேன். இருமல் வராமலிருக்க மூக்கை அடைத்துக்கொள்வது போன்ற வேலை அது. வீட்டுக்கு மேற்புறம், வெட்டிய விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, குறுக்கே ஒரு வாய்க்கால் எடுத்து, மேலிருந்து வரும் மழைநீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிடுவதும் அவசியம். வெட்டாத சரிவில் வெட்டிவேர் நட்டால் அது நேர் கீழாக வேர்விட்டு மண்ணைத் தைத்துப் பிடித்துக்கொள்ளும்.

திருவனந்தபுரத்தில் நாலாஞ்சிறையில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் தமக்கென்று கட்டிக்கொண்ட வீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் 1917இல் பிறந்த இவர், இமயமலைச் சரிவில் பித்தோராகட் பகுதியில் சுமார் 16 ஆண்டுகள் வாழ்ந்து, அம்மக்கள் கல்லையும் மண்ணையும் கையாளும் முறையைக் கற்றார். பின்பு கேரளத்துக்கு வந்து, யாரும் வேண்டாம் என்று விட்ட பாறைச் சரிவில் வீடு கட்டினார். சரிவை அவர் சமமாக்கவில்லை. பாறை இருக்கும் இடத்தில் பாறையையே இருக்கையாக்கி, நிலம் இறங்கும் இடத்தில் அறையும் இறங்கும்படி அமைத்தார். 2007இல் மறையும்வரை அங்கேதான் இருந்தார்.

வெயில் எங்கிருந்து வருகிறது?

மேல்நாட்டுப் புத்தகங்களில் ‘வெயில் வேண்டுமானால் தெற்கே சன்னல் வை’ என்று எழுதியிருக்கும். கொல்லிமலை வட அட்சரேகை 11 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்டு 23 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஜூன் மாதத்தில் அது உச்சிக்கு வடக்கே 12 டிகிரி சாய்கிறது. வடக்குச் சுவரில் வெயில் விழுகிறது. டிசம்பரிலோ தெற்கே 35 டிகிரி சாய்கிறது.

மலையில் வெயில் வேண்டியது டிசம்பர், ஜனவரியில்தான். 20 டிகிரி சாய்ந்த தெற்குச் சரிவு, டிசம்பர் நண்பகலில் அதே சாய்வுள்ள வடக்குச் சரிவைப்போல் 1.7 மடங்கு வெயிலைப் பெறுகிறது. தெற்குச் சரிவில் ஈரம் சீக்கிரம் உலரும், துணி காயும், மிளகு காயும். தெற்குச் சன்னலுக்கு மேல் 60 செ.மீ. நீளத்துக்கு வெயில் மறைப்பு வைத்தால், மார்ச் மாத நண்பகலில் அதன் நிழல் 3 மீட்டர் கீழே இறங்கிச் சன்னலை முழுவதும் மூடும். டிசம்பரில் 86 செ.மீ. மட்டுமே இறங்கி, கீழ்ப்பாதி வழியாக வெயிலை உள்ளே விடும். ஒரே பலகை, ஆட்கள் யாரும் திறந்து மூடாமலே பருவத்துக்கேற்ப வேலை செய்கிறது! மேற்குச் சன்னலுக்கு இந்த உபாயம் பலிக்காது. மாலை வெயில் தாழ்வாக நுழைவதால் அங்கே தாழ்வாரமோ மரமோதான் உதவும்.

சரிவில் எந்த உயரத்தில் வீடு அமைப்பது என்பதிலும் இயற்பியல் இருக்கிறது. இரவில் தரை வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசிக் குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடியற்காலையில் பள்ளத்து வயல்மேல் மூடுபனி நிற்பது இதனால்தான். முகட்டில் காற்று அதிகம். நடுச்சரிவே இதமானது. மலைவாழ் மக்களின் பழைய ஊர்களில் வயல் பள்ளத்திலும் வீடு அதற்கு மேலேயும் இருப்பதைக் காணலாம். யாரும் அவர்களுக்கு வெப்பச் சலனம் கற்பிக்கவில்லை.

சுவரும் கூரையும்

அவர்களுடைய பழைய வீடு மூங்கில் தட்டியின்மேல் செம்மண் பூசி, புல் வேய்ந்தது. பகலில் புல்கூரை வெப்பத்தை விடாது. இரவில் அடுப்பின் கணப்பை வெளியே விடாது. ஆனால் புல்லை அடிக்கடி மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும், புகை கண்ணைக் கெடுக்கும். இன்றைய குடும்பம் அதற்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதன் குணத்தை வேறு பொருளில் பெறலாம்.

பகல் வெப்பம் ஒரு சுவருக்குள் அலையாகப் பரவுகிறது. உள்ளே போகப் போக அலையின் வீச்சு குறைகிறது, நேரமும் தாமதமாகிறது. 23 செ.மீ. செங்கல் சுவரில் இத்தாமதம் ஏறக்குறைய 7 மணி. பிற்பகல் 2 மணி வெப்பம் இரவு 9 மணிக்கு உட்புறம் எட்டுகிறது, அதுவும் ஏழில் ஒரு பங்காக. குளிரும் மலையிரவில் இது வரவேற்கத் தக்கதே. 10 செ.மீ. கான்கிரீட் தளத்தில் தாமதம் 3 மணிக்கும் குறைவு. வீச்சு பாதியளவு அப்படியே நுழைகிறது. தகரக் கூரைக்குத் தாமதமே கிடையாது. தெளிந்த ஏப்ரல் நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையிலும் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. 80 சதுர மீட்டர் கூரைமேல் 80 இஸ்திரிப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்ததற்கு அது சமம்.

செங்கல்லை அடிவாரத்திலிருந்து 70 வளைவுகள் ஏற்ற வேண்டும். வெட்டிய மண்ணோ வாசலிலேயே குவிந்து கிடக்கிறது. அதைச் சலித்து, நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சிமெண்டு கலந்து, கைவிசை இயந்திரத்தில் அழுத்தினால் சுடாத கட்டிகள் கிடைக்கும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ திட்டம் இம்முறையை நன்கு வளர்த்தது. களி மிகுந்த மண்ணாயின் மணல் சேர்க்க வேண்டும். கட்டிகளை மூன்று வாரங்களாவது ஈரமாக வைத்துப் பதப்படுத்த வேண்டும். செங்கல்லே வேண்டுமென்பவர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டைக் கையாளலாம். கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் இம்முறையில் கால்பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது.

கூரை சாய்வாகவே இருக்கட்டும். மலைமழையில் தட்டைத் தளம் ஒழுகாமல் இருப்பது அரிது. தகரம் போடுவோர் இரண்டு செய்திகளை அறிய வேண்டும். மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்று 3 சதுர மீட்டர் தகட்டைச் சுமார் 65 கிலோகிராம் விசையோடு மேலே இழுக்கக்கூடும். தகட்டின் எடையோ 12 கிலோ. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. எனவே ஆணிக்குப் பதிலாகக் கொக்கி போல்ட்டுகள் வேண்டும். மற்றொன்று, தெளிந்த இரவில் தகடு காற்றைவிடக் குளிர்ந்து, அதன் அடிப்புறத்தில் பனித்துளி கோத்துப் படுக்கையில் சொட்டும். ஓடு இத்துளியை உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டுக்குக் கீழே பலகை அடித்தால் இன்னும் நன்று.

ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம்கூட இல்லை. 48 கன மீட்டர் அடுக்களையில் அரை லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஒரு கன மீட்டருக்கு 10 கிராம் கூடுகிறது. மழைக்காலக் காற்றில் ஏற்கெனவே 12 கிராம் இருக்கும். மிகுதி முழுவதும் குளிர்ந்த சுவரில் படியும், பூஞ்சை வளரும், குழந்தைக்கு இரைப்பு வரும். அடுக்களையின் கூரை உச்சியில் எப்போதும் திறந்த துவாரமும், தாழ்வாக ஒரு காற்றுவழியும் இருந்தால் ஆவியும் புகையும் தாமே ஏறி வெளியேறும். குளிருக்கு அஞ்சி அதை அடைத்துவிடக் கூடாது.

80 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 8000 லிட்டர், அதாவது 8 டன் தண்ணீர் இறங்குகிறது. அதை முன்றிலில் கொட்டவிட்டால் அஸ்திவாரத்துக்கு அடியிலேயே இறங்கும். தொட்டியில் பிடித்தால் கோடைக்கு உதவும். தொட்டியை வெட்டிய பக்கத்து இறுகிய தரையில்தான் வைக்க வேண்டும். கொட்டிய மண்மேல் வைத்தால் நிறைந்த அன்றே அது சரிவுக்குப் பாரமாகிவிடும். கழிப்பறையின் உறிஞ்சுகுழியை வீட்டுக்கும் தாங்குசுவருக்கும் கீழ்ப்புறமாக, அவற்றிலிருந்து விலக்கித் தோண்ட வேண்டும். மேற்புறம் தோண்டினால் கோடையிலும் அந்தச் சரிவு நனைந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் குழி உங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறதா என்பதையும் மனை பார்க்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.